குட்டியைத் தூக்கும் முன் தாயைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினாலே தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் ஜாதி நாய்க்குட்டி வியாபாரம் சூடுபிடிக்கும். அடுத்த சில நாட்களில் அதே குட்டிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கும். வாந்தி, கடும் நாற்றத்துடன் இரத்தம் கலந்த பேதி, நிமிர்த்த முடியாத தலை. "நாலு நாளைக்கு முன்னாடிதான் வாங்கினோம், நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று வீட்டார் கலங்கி நிற்பார்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் உடலில் புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் ஆகும். நான்காம் நாளில் படுத்துவிட்ட குட்டி, பெரும்பாலும் விற்றவர் இடத்திலோ வரும் வழியிலோ தொற்றை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. வாங்கியவர்கள் ஊட்டிய பாலும் சோறும் அதற்குக் காரணமில்லை.

இடுப்பு மூட்டுக் கோளாறு, பார்வை இழப்பு, பிறவிச் செவிடு போன்றவை இன்னும் தாமதமாகத் தெரியவரும். அவையும் அந்தக் குட்டி பிறப்பதற்கு முன்பே, எந்தப் பெட்டையை எந்த ஆணுடன் இணை சேர்ப்பது என்று ஒருவர் முடிவெடுத்த நாளில் தீர்மானமானவை. எனவே ஜாதி நாய் வாங்க நினைப்பவர்கள் குட்டியைத் தேடும் முன், நாய்களை இணை சேர்த்துக் குட்டி எடுத்து வளர்க்கும் பிரீடரைத் தேட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

விற்பவர் உண்மையில் பிரீடரா, வாங்கி விற்கும் தரகரா என்பதைப் பெரும்பாலும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே அறியலாம். "உங்களிடம் என்னென்ன குட்டிகள் இருக்கின்றன?" என்று மட்டும் கேளுங்கள். லாப்ரடார், ஷிட்சூ, பக், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் இருக்கிறது, எப்போது வந்தாலும் எடுத்துப் போகலாம் என்று பதில் வந்தால் அவர் தரகர். ஒரு பெட்டை ஏறத்தாழ 6 முதல் 8 மாதங்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாட்கள். பிறந்த குட்டி 8 வாரம் தாயிடம் இருக்க வேண்டும். ஒரு பெட்டையிடம் ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்தக் கணக்கின்படி மூன்று, நான்கு பெட்டைகளை வைத்திருக்கும் நேர்மையான பிரீடரிடம் வருடத்தின் பல மாதங்களில் விற்கக் குட்டியே இருக்காது. "இப்போது இல்லை, கார்த்திகையில் ஓர் ஈற்று எதிர்பார்க்கிறோம், பெயரைக் கொடுத்து வையுங்கள்" என்பதுதான் அவரிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில். அந்தக் காத்திருப்பை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தரகர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் தொழிலின் அமைப்பே குட்டிகளுக்கு ஆபத்தானது. நாலு ஊர்களிலிருந்து வந்த, நாலு விதமான தாய்களின் குட்டிகள் ஒரே கூண்டில் இரண்டு நாள் கிடக்கும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டிருக்கும் வயது அது. தடுப்பூசியும் முழுமையாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. ஒரு குட்டியிடம் தொற்று இருந்தால் கூண்டு முழுவதற்கும் அது போதும்.

அடுத்தது தாய். தாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்கவே வேண்டாம். இந்தக் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "தாய் ஊரில் இருக்கு", "வெளியாள் வந்தால் கடிக்கும்", "நேரம் மிச்சம், பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டு வந்து தந்துடுறேன்" என்பவை அடிக்கடி கேட்கும் காரணங்கள். ஒரு நல்ல பெட்டை பால்குடிக் குட்டிகளிடம் அந்நியரை நெருங்க விடாமல் உறுமலாம், அது இயல்பு. அப்படியானால் கம்பிக்கு அப்பாலிருந்தாவது காட்டலாம் அல்லவா?

காட்டப்படும் நாய் உண்மையான தாய்தானா என்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் அழகான வேறொரு பெட்டையை அருகில் கட்டி வைப்பதும் நடக்கிறது. ஆறேழு வாரக் குட்டிகளின் தாய்க்கு மடி தொங்கியிருக்கும், காம்புகள் நீண்டிருக்கும், அவற்றைச் சுற்றிக் குட்டிகளின் நகக் கீறல்கூட இருக்கலாம். உடல் சற்று மெலிந்து முடி கொட்டியிருப்பதும் சகஜம். குட்டிகளை அவிழ்த்துவிட்டால் அவை நேராக அவள் வயிற்றடிக்கு ஓடும். அவளும் முகர்ந்து நக்குவாள், பால் மறக்கடிக்கும் பருவமானால் செல்லமாகச் சிடுசிடுப்பாள். பளபளக்கும் முடியும் ஒட்டிய வயிறுமாக, குட்டிகளைக் கண்டு விலகிப் போகும் பெட்டை தாயாக இருக்க வாய்ப்பில்லை. தாயின் குணத்தையும் கவனியுங்கள். பிரீடர் பக்கத்தில் இருந்தும் வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் நடுங்கும் பெட்டையின் பயம் குட்டிகளுக்கும் இறங்கும். பிறப்பு வழியிலும் இறங்கும், தாயைப் பார்த்துப் பழகும் வழியிலும் இறங்கும். தந்தை அதே இடத்தில் இல்லாமல் இருக்கலாம். நல்ல பிரீடர்கள் பொருத்தமான ஆணை வேறு ஊரிலிருந்துகூடத் தேடிப் பிடிப்பார்கள். அதன் படமும் பதிவு எண்ணும் பரிசோதனை முடிவுகளும் இருந்தால் போதும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது ஒரே நாளில் இரண்டு மூன்று பண்ணைகளைச் சுற்றாதீர்கள். பார்வோ வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவ வைத்து, அதன் பிறகுதான் குட்டிகளிடம் அழைத்துச் செல்லும் பிரீடரைக் கண்டால் மரியாதை கொடுங்கள், அவருக்குத் தொழில் தெரியும். குட்டிகள் ஈரமில்லாத, சாணமும் சிறுநீரும் காய்ந்து கிடக்காத தரையில் இருக்கின்றனவா, சுத்தமான தண்ணீர் இருக்கிறதா, வீட்டு மனிதர்களின் குரலும் மிக்ஸி சத்தமும் கேட்கும் தூரத்தில் வளர்கின்றனவா என்று பாருங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வழுக்கியபடியே வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு மூட்டுக்கு நல்லதல்ல.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகளை மத்திய அரசு 2017-இல் கொண்டு வந்தது. அவற்றின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலோ, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலோ கூடாது. எட்டு வயது கடந்தால் நிறுத்திவிட வேண்டும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன், தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லான மைக்ரோசிப் பொருத்தித் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-இல் தனி விதிகள் வந்தன. நேரில் போகும்போது பதிவுச் சான்றைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா, எடுத்து வந்து காட்டுகிறாரா என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

இந்த எட்டு வாரக் கணக்குதான் நம் ஊரில் அன்றாடம் மீறப்படுவது. சந்தையில் எல்லாக் குட்டியும் "45 நாள் குட்டி"தான். எட்டு வாரம் என்றால் 56 நாள். அதைவிடக் கொடுமை, அந்த 45 நாளும் பல நேரங்களில் பொய். 30 நாள் குட்டிகள்கூட அந்தக் கணக்கில் விற்கப்படுகின்றன. சின்னதாக, பஞ்சு போல, கையில் அடங்கினால் வாங்குபவர் உருகிவிடுவார் என்பது விற்பவருக்குத் தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு வாரம் வரை குட்டி உலகத்தைக் கற்கும் காலம். அதன் முதல் பாதியைத் தாயோடும் உடன்பிறப்புகளோடும் கழித்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பது அதற்குப் புரியும். முன்கூட்டியே பிரிக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பின் கை காலைக் கடிப்பதும், சத்தத்துக்கு மிரள்வதும், தனியே விட்டால் ஊளையிடுவதும் அதிகம். பொமரேனியன், ஷிட்சூ போன்ற சிறிய இனங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓரிரு வேளை சாப்பிடாவிட்டாலே இரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். பால் பற்கள் மொத்தம் 28. மூன்றாம் நான்காம் வாரத்தில் கோரைப் பற்களும், அதையொட்டி முன்பற்களும் முளைக்கும். பின்னால் உள்ள கடைவாய்ப் பற்கள் ஏறக்குறைய ஐந்தாம் வாரத்துக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும்; எட்டாம் வாரத்தில் வரிசை முழுமையாகியிருக்கும். குட்டியின் உதட்டைப் பக்கவாட்டில் மெதுவாக விலக்கிப் பின்பக்க ஈறைப் பாருங்கள். அங்கே வெறும் ஈறுதான் இருக்கிறதென்றால், அட்டையில் என்ன தேதி எழுதியிருந்தாலும் அது ஒன்றரை மாதக் குட்டி அல்ல. மிகச் சிறிய இனங்களில் பல் சற்றுத் தாமதமாகலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். நடையும் காட்டிக் கொடுக்கும்: நாலு வாரக் குட்டி பின்பக்கம் ஆடியபடி நடக்கும், எட்டு வாரக் குட்டி ஓடித் திரும்பிப் பாயும்.

இனி "பேப்பர்" என்று எல்லோரும் சொல்லும் விஷயம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா வழங்கும் பதிவுச் சான்றில் குட்டியின் பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்களுக்கும் முந்தைய தலைமுறை, மைக்ரோசிப் எண் ஆகியவை இருக்கும். அது வம்சாவளிக்கான ஆவணம். உடல்நலத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. பிரீடர் பதிந்த விவரத்தை வைத்துத்தான் அது தயாராகிறது என்பதால், தவறான விவரம் போனால் தவறான சான்றே வரும். ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, மைக்ரோசிப் ஸ்கேனரைக் குட்டியின் தோள்பட்டைகளுக்கு நடுவே ஓட்டச் சொல்லி, வரும் 15 இலக்க எண்ணைச் சான்றோடு ஒத்துப் பாருங்கள். பிரீடரிடம் ஸ்கேனர் இல்லையென்றால் மருத்துவமனையில் பார்த்த பிறகு மீதிப் பணம் தருவதாகச் சொல்லுங்கள். இரண்டாவது, தாயின் எண்ணையும் அதேபோல் பாருங்கள். மூன்றாவது, அந்தத் தலைமுறைப் பட்டியலைப் படியுங்கள். தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே நாயின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய இரத்தத்தில் இணை சேர்த்திருக்கிறார்கள். "லைன் பிரீடிங்" என்று அதற்குப் பெருமையாகப் பெயர் சொல்வார்கள். மறைந்திருக்கும் குறைகள் ஒன்றுகூடி வெளிவருவதற்கு அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

"பேப்பர் வேண்டாமென்றால் பாதி விலை" என்ற பேரமும் உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குப் பதிவுக் கட்டணம் அவ்வளவு வித்தியாசம் தராது. பெற்றோரில் ஒன்று பதிவில்லாதது, அல்லது இனமே கலந்தது, அல்லது அந்தப் பெட்டைக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைத் தாண்டிய ஈற்று என்பதே பெரும்பாலும் அந்தப் பாதி விலையின் பொருள். விளம்பரங்களில் வரும் "டபுள் போன்", "டீ கப்", "அபூர்வ நிறம்" ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எலும்பு பருத்த ரகம் என்ற பொருளில் சொல்லப்படும் டபுள் போன் என்று எந்த நாயும் இல்லை. டீ கப் என்பது வளர்ச்சி குன்றிய அல்லது வயது குறைந்த குட்டி. உச்சந்தலை எலும்பு மூடாமல் இருப்பது இவற்றில் அடிக்கடி காண்பது. மெர்ல் என்னும் திட்டுத் திட்டான நிறமுள்ள இரண்டு நாய்களை இணை சேர்த்தால், சராசரியாகக் குட்டிகளில் நாலில் ஒன்று, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற இரட்டை மெர்லாகப் பிறந்து செவிடோ குருடோ ஆகும் அபாயத்தில் இருக்கும். வெள்ளிச் சாம்பல் நிற லாப்ரடார்களில் சிலவற்றுக்கு வளர வளர முடி உதிர்ந்து தோல் நோய் நிலைத்துவிடும்.

உடல்நலச் சான்றுதான் உண்மையான தரப் பரீட்சை. இங்கேதான் நல்ல பிரீடரும் மற்றவரும் பிரிகிறார்கள். "டாக்டர் பார்த்துட்டார், நல்லா இருக்கு" என்பது பரிசோதனை ஆகாது. எந்த இனத்துக்கு எது வரும் என்பது உலகறிந்த விஷயம். அந்தந்த நோய்க்கான சோதனையைப் பெற்றோருக்குச் செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் ஆகியவற்றில் இடுப்பு மூட்டுக் குழி சரியாக அமையாமல், தொடை எலும்பின் பந்து முனை தளர்ந்து உராய்ந்து தேயும் கோளாறு பரவலாக உண்டு. நாயை மயக்க மருந்து கொடுத்து மல்லாத்தி, பின்னங்கால்கள் இரண்டையும் இணையாக நீட்டி, முட்டி மேல்நோக்கி இருக்கும்படி உட்பக்கம் திருப்பி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு வயது நிறைந்த பிறகே படம் பொருள் தரும். அமெரிக்க முறையில் இறுதிச் சான்றுக்கு இரண்டு வயது ஆக வேண்டும். சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் தரவரிசை ஏ முதல் இ வரை. ஏ, பி என்றால் கவலையில்லை. டி, இ வந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. படத்தில் நாயின் பெயரோ சிப் எண்ணோ, தேதியோ இல்லையென்றால் அது எந்த நாயின் இடுப்பு என்று யாருக்குத் தெரியும்? இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் இரண்டும் நல்ல தரமாக இருந்தாலும் குட்டிக்கு வராது என்று எவராலும் உறுதி தர முடியாது. வாய்ப்பு குறையும், அவ்வளவே. "நூறு சதவீதம் கேரண்டி" என்று சொல்பவரைவிட இதை விளக்கிச் சொல்பவரை நம்புங்கள்.

ஒரே மரபணுவால் வரும் நோய்களில் நிலைமை வேறு, அங்கே உறுதி சாத்தியம். லாப்ரடாரின் படிப்படியான விழித்திரைச் சிதைவும், ஓட்டத்தின்போது பின்னங்கால் துவண்டு விழும் நோயும் இந்த வகை. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். நோய் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய் பார்க்க முழு ஆரோக்கியமாகவே இருக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டை இணை சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும், இரண்டு குட்டிகள் சுமக்கும். சுமக்கும் நாயை, அந்த மரபணுவே இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. ஒரு சிறு சோதனையில் தவிர்க்கக்கூடிய குருட்டுத்தன்மை இது என்பதை நினைக்கும்போது, அதைக்கூடச் செய்யாமல் ஈற்றுக்கு ஈற்று விற்பதை எப்படி நியாயப்படுத்துவது?

டாபர்மேனில் இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் முக்கியம். ஒருமுறை பார்த்த எக்கோ போதாது, ஆண்டுதோறும் எக்கோவும் 24 மணி நேர இதயத் துடிப்புப் பதிவும் தேவை. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களின் பெற்றோரை மூன்று நிமிடம் வேகமாக நடக்க விட்டு மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். ஸ்டெதஸ்கோப் இல்லாமலே குறட்டை போன்ற சத்தம் கேட்டால் அவற்றின் குட்டிகள் நம் ஊர் வெயிலில் மூச்சுக்குத் தவிக்கப் போகின்றன. நாசித் துளைகள் கோடு போலல்லாமல் திறந்திருக்க வேண்டும். டேக்ஷண்டில் முதுகெலும்பு வட்டுக் கோளாறு பற்றியும், சிறிய இனங்களில் முழங்கால் சில்லு விலகல் பற்றியும் கேளுங்கள். சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்நாட்டு நாய்களைப் பற்றி நம் கருத்து ஒன்றுதான்: மதுரையிலும் வேலூரிலும் அவற்றை ஈன வைத்து விற்பவர் எத்தனை சான்று வைத்திருந்தாலும் நல்ல பிரீடர் அல்ல. இங்கே "பொமரேனியன்" என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ் என்பதையும் வாசகர்கள் அறிந்திருக்கட்டும். ஸ்பிட்ஸ் நம் தட்பவெப்பத்துக்குப் பழகிய அருமையான நாய். அதற்குப் பொமரேனியன் விலை கொடுப்பதுதான் தவறு.

நம் மண்ணின் நாய்களுக்கும் இந்த அக்கறை வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தேசிய கால்நடை மரபியல் வள நிறுவனத்தில் பதிவான இனங்கள். ராஜபாளையத்தை 2005-இல் அஞ்சல் தலையிலேயே பார்த்தோம். கன்னி, கோம்பை இனங்களை விரும்பி வளர்ப்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஆனால் ராஜபாளையத்தின் தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. உட்செவியில் நிறமித் திசுக்கள் இல்லாததால், கேட்கும் நுண்செல்கள் பிறந்த மூன்று நான்கு வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. அதனால் ஐந்தாறு வாரத்துக்குப் பிறகு செய்யும் சோதனையே நம்பத் தகுந்தது. முறையான சோதனை, காதில் ஒலி கொடுத்து மூளைத் தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்வது. அதற்கு வசதியில்லாத இடத்தில் குறைந்தது இதையாவது செய்யுங்கள்: குட்டியைக் கூடப் பிறந்தவற்றிடமிருந்து பிரித்துத் தனி அறையில் விடுங்கள், ஏனென்றால் செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் திரும்பும். அது தூங்கும்போது, முதுகுப் பக்கத்திலிருந்து, காற்றோ தரை அதிர்வோ படாமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்டுவதும் காலால் தரையைத் தட்டுவதும் ஏமாற்றிவிடும். இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஒரு காது மட்டும் செவிடான குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதுவே வளர்ந்து குட்டி போடும்போது குறையைக் கடத்தலாம். ஆகவே பெற்றோருக்கும் முந்தைய ஈற்றுகளுக்கும் காது எப்படி இருந்தது என்று பிரீடரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். எண்ணிக்கை குறைந்த இனங்கள் என்பதால் ஒரே ஊரில், ஒரே ஆணுக்குத் திரும்பத் திரும்ப இணை சேர்க்கும் பழக்கமும் உண்டு; ஆண் நாய் எந்த ஊர், யாருடைய வழி என்று கேட்பது இங்கே வம்சாவளிச் சான்றுக்குச் சமம்.

தடுப்பூசி அட்டையைப் புகைப்படத்தில் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள், தொகுதி எண், காலாவதி நாள், போட்ட நாள், கால்நடை மருத்துவரின் கையொப்பமும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். லேபிள் இருந்து மருத்துவர் கையொப்பம் இல்லையென்றால் கடைக்காரரே போட்டிருக்கலாம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருந்திருக்க வேண்டும். கோடையில் பஸ்ஸில் வந்து சாதாரண ஃப்ரிட்ஜ் கதவில் நின்ற குப்பி வெறும் தண்ணீருக்குச் சமமாகிவிடலாம். ஓர் ஊசி போட்டாயிற்று என்பதும் பாதுகாப்பு அல்ல. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை முறியடித்துவிடும் என்பதால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை தொடர்ந்து போடுகிறோம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். உருளைப் புழுக்கள் தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுவதால் குடற்புழு மருந்து இரண்டாவது வாரமே தொடங்கி எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்திருக்க வேண்டும். ஒட்டிய விலாவும் பானை போன்ற வயிறும் "கொழுகொழு" அல்ல, புழு.

குட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தொப்புளில் மெத்தென்ற வீக்கம், மேலண்ணத்தில் பிளவு, கண்ணில் பீளை, காதில் காப்பித்தூள் போன்ற அழுக்கு, விரலிடுக்கில் உண்ணி, ஆசனவாயைச் சுற்றி ஈரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இரத்தத்தைக் குடித்திருக்கிறது. ஆண் குட்டிக்கு எட்டு வாரத்தில் இரண்டு விதையும் இறங்கியிருப்பது நல்லது. மூலையில் ஒதுங்கியிருக்கும் ஒற்றைக் குட்டியை இரக்கப்பட்டு வாங்குவது மனிதாபிமானம்தான்; ஆனால் ஒரு கெட்ட விற்பனையாளருக்கு அது இன்னொரு ஈற்றுக்கான முதலீடு ஆகிவிடுகிறது.

நல்ல பிரீடர் உங்களையும் விசாரிப்பார். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், வாடகை வீடா, மொட்டை மாடியில் கட்டி வைப்பீர்களா, சிறு குழந்தை உண்டா, முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்பார். இதைக் குடைச்சலாக நினைக்க வேண்டாம். எந்த வயதிலும் வளர்க்க முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் தருபவர் அவராகத்தான் இருப்பார்.

பண விஷயத்தில், நேரில் பார்க்காமல் கைபேசி மூலம் முன்பணம் அனுப்பாதீர்கள். வேறு பக்கத்திலிருந்து எடுத்த குட்டிப் படத்தைக் காட்டி ஏமாற்றுவது பெருகிவிட்டது. வீடியோ அழைப்பில் தாயும் குட்டியும் ஒன்றாக, அன்றைய செய்தித்தாள் அருகில் இருக்கக் காட்டச் சொல்லலாம். ரசீதில் விற்பவர் பெயர், முகவரி, பதிவு எண், குட்டியின் சிப் எண், பிறந்த தேதி, விலை ஆகியவை இருக்கட்டும். மூன்று நாட்களுக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டி, தொற்றோ பிறவிக் குறையோ இருந்தால் பணம் திரும்ப வேண்டும் என்ற வாசகமும் வேண்டும். "செத்துப் போனால் வேறு குட்டி தருகிறேன்" என்ற உறுதிமொழியை ஏற்காதீர்கள். அதே தொற்றுள்ள இடத்திலிருந்துதான் அடுத்த குட்டியும் வரும். உங்கள் வீட்டுத் தரையிலும் மண்ணிலும் பார்வோ வைரஸ் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், வந்த குட்டிக்கும் தொற்றிவிடலாம். அப்படி ஒரு சாவு நேர்ந்த வீட்டில் கழுவக்கூடிய இடங்களை ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். தடுப்பூசி முழுமையாகாத குட்டியைக் குறைந்தது ஆறு மாதத்துக்காவது கொண்டு வரக் கூடாது. ரசீது கையில் இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ரசீது இல்லாதவர்கள்தான் மருத்துவச் செலவையும் இழப்பையும் தாங்களே சுமக்கிறார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்ரே, மரபணுச் சோதனை, இணை சேர்க்கும் நாளைக் கணிக்க ஹார்மோன் சோதனை, சினைக்கு ஸ்கேன், தாய்க்கும் குட்டிகளுக்கும் எட்டு வாரத் தீவனம், ஊசி, சிப், பதிவு ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் நியாயமான விலை. சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் குட்டிக்கு இவற்றில் எதைக் குறைத்தார்கள் என்று கேட்க வேண்டும். அதே நேரம், விலை அதிகம் என்பதற்காக எதுவும் நிரூபணமாகிவிடாது. சான்று காட்டாத உயர்ந்த விலை வெறும் லாபம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் நாய்க்குட்டி விற்பனை இடம்பெறும்போது, மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு எண்ணும் குட்டிகள் பிறந்த தேதியும் இல்லாத விளம்பரத்தை ஏற்பதில்லை என்று தாங்கள் முடிவெடுத்தால், 30 நாள் குட்டியை விற்பவர்களுக்கு அந்த வாசல் மூடப்படும். வாரியமும் பதிவு பெற்ற பிரீடர்களின் பட்டியலை மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிட்டு, கால்நடை மருந்தகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்ட வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வழியே கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செல்லப்பிராணி மருத்துவத்தில் பணியாற்றும் கால்நடை மருத்துவர்கள் சிலர்,
மதுரை.